புழுவெட்டு நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் முழுமையான சிகிச்சை கோரும் மனு

அனுப்புநர்:
மதுரை மாவட்டத்தில் புழுவெட்டால் பாதிக்கப்பட்டவர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் நிர்வாகிகள்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: பள்ளிக் கல்வித் துறை, இந்து சமய அறநிலையத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

பொருள்: புழுவெட்டு – சிகிச்சை, மருந்து, பள்ளிப் பாதுகாப்பு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தலையில் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் வழவழவென்று ஆகிவிடுவதைத்தான் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்கள் முடியின் வேரையே பகையென்று எண்ணித் தாக்குவதால் வரும் நோய் இது. இதற்கு இடம் கொடுக்கும் உடல்வாகு சிலருக்கு மரபு வழியாகவே அமைகிறது. தைராய்டு கோளாறு, வெண்புள்ளி உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு இது வரக்கூடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பள்ளிப் பருவத்திலேயே தொடங்குவதும் உண்டு.

இந்த நோயில் வேர் அழிந்துபோவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. எங்கள் நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது. சிறு திட்டுகளாக வந்தவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே முளைத்துவிடுகிறது. சிலருக்கோ தலை முழுவதும் போய், புருவமும் இமை முடியும்கூட உதிர்ந்துவிடுகின்றன. இமை முடி இல்லாத பிள்ளைக்குக் காற்றடித்தால் தூசு நேரே கண்ணில் விழுகிறது. இதை அழகுக் குறை என்று ஒதுக்குவதை எங்களால் ஏற்க முடியாது.

சிகிச்சை தேடி வருவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் படும் பாடு பெரிது. சின்ன வெங்காயம், ஆற்றுத்தும்மட்டிக்காய் என்று தேய்த்துத் தேய்த்துத் தோல் வெந்துபோகிறது. பிளேடால் கீறி மருந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பாட்டிமார் அன்பால் செய்வதைக் குற்றம் சொல்ல மாட்டோம். சரியான வழியை அருகிலேயே காட்டாதது அமைப்பின் குறை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் பள்ளிகளுக்குச் செல்லும் மருத்துவக் குழுவினரும் புழுவெட்டைப் படர்தாமரையிலிருந்து பிரித்தறிந்து, தோல் மருத்துவரிடம் உடனே அனுப்பும்படி பயிற்சி அளிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும் சிறு திட்டுகளில் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள். 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை விட்டு நகரத்துக்கு வருவது நடக்கிற காரியமா? இந்த ஊசியும், குழந்தைகளுக்கான ஸ்டீராய்டு களிம்பும், தைராய்டு பரிசோதனையும் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கச் செய்யுங்கள்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நோய் எதிர்ப்பு அணுக்களின் தாக்குதலையே தடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. பாரிசிட்டினிப் மாத்திரைக்கு 2022 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த நோய்க்கென்றே ஒப்புதல் தந்தது. 12 வயது முதல் தரக்கூடிய ரிட்லெசிட்டினிப் 2023இல் வந்தது. ஆய்வுகளில், பாரிசிட்டினிப் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோருக்கு 36 வாரங்களில் தலையின் 80 சதவீதத்துக்கு மேல் முடி வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் மருந்து இது என்று நாங்கள் சொல்லவில்லை. நிறுத்தினால் முடி மறுபடி கொட்டக்கூடும். காசநோய் உள்ளிட்ட தொற்றுகள், இரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் இருப்பதால் முன்பரிசோதனையும் தொடர் கண்காணிப்பும் கட்டாயம். அதனால்தான் இது தனியார் மருந்துக்கடையில் அவரவர் வாங்கித் தின்னும் மருந்தாக ஆகிவிடக் கூடாது என்கிறோம்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மேற்பார்வையில் இலவசமாகத் தரப்பட வேண்டும். இதே பாரிசிட்டினிப்பை 2021 கொரோனா காலத்தில் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. எனவே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதல் விலையை ஆராய வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானது. புழுவெட்டுக்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. ஆகவே புறநோயாளிகளுக்கெனத் தனி ஏற்பாடு தேவை.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எந்தக் கோயிலுக்கு மொட்டை?" என்று வகுப்பே கேட்கும்போது ஒரு சிறுமி எத்தனை நாள் பொய் சொல்வாள்? இரட்டைச் சடை விதியிலிருந்து விலக்கும், வகுப்பிலும் தேர்வு அறையிலும் தொப்பியோ துணியோ அணிய அனுமதியும் தந்து சுற்றறிக்கை வெளியிட வேண்டும். பழனி போன்ற கோயில்களில் பக்தர்கள் செலுத்தும் முடி ஏலம் விடப்படுகிறது. அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, முடியிழந்த குழந்தைகளுக்குச் செயற்கைத் தலைமுடி செய்து தர அறநிலையத் துறை முன்வர வேண்டும்.

வழுக்கையைப் போக்குவதாகவும் புதிய முடி வளர்ப்பதாகவும் எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. அதை மீறும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை தேவை.

இவற்றைப் பேசித் தீர்க்க, தோல் மருத்துவ வல்லுநர்களும் எங்கள் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை விரைவில் கூட்டுமாறும், எழுத்துபூர்வமான பதில் அளிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்,
மதுரை.