அடுக்களையின் ஆயத்தம்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய ஆயத்த நாட்களான திருவருகைக் காலம், கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் கிறிஸ்தவ இல்லங்களில் ஆலயத்தைப் போலவே அடுக்களையிலும் கடைப்பிடிக்கப்படுகிறது. வறுத்த சிறுபயற்றைத் திரித்து, வெல்லப்பாகும் தேங்காய்த் துருவலும் எள்ளும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மும்மூன்றாக ஒட்டிப் பொரிக்கப்படும் முந்திரிக்கொத்து பல நாட்கள் கெடாமல் இருப்பதால், விழாவுக்கு முன்னரே செய்து வைக்க ஏற்றதாகிறது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றின் கரைசலில் பூ வடிவ அச்சைத் தோய்த்துச் சுடும் அச்சுமுறுக்கோ இன்னும் நுட்பமானது. அச்சு எண்ணெயில் நன்கு சூடேறியிருந்தால்தான் மாவு பிடிக்கும், மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் வெந்த முறுக்கு கழன்று வராது. இந்தப் பக்குவத்தை எழுதிய குறிப்பால் முழுமையாகக் கற்பிக்க இயலாது. மூத்தவரின் அருகில் நின்று பார்க்கும் பிள்ளைக்கே அது கைவரும் என்பதால், பலகாரம் சுடும் மாலைப்பொழுது ஒரு குடும்பக் கல்வியாகவே மதிக்கத்தக்கது. வைக்கோல் வேய்ந்த குடிலும் வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கும் இம்மரபைச் சார்ந்தவையே. எனினும் சமயம் கடந்து அண்டை வீடுகளுக்குச் செல்லும் பலகாரத் தட்டே இவற்றுள் சிறந்தது. பலகாரம் சுடும் உழைப்பு முழுவதும் பெண்கள்மீதே சுமத்தப்படுவதாலும் பலகாரப் பெட்டிகள் கடைகளில் எளிதாகக் கிடைப்பதாலும் இவ்வழக்கம் தளர்கிறது; ஆகவே வரும் டிசம்பரில் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் மாவு திரிக்கவும் அச்சுப் பிடிக்கவும் அடுப்பருகே வர வேண்டும்.