பித்தளைத் தகடு சொல்லாதவை

பழைய போர்க்கப்பல்களை உடைத்தெடுத்த மரத்தில் கைத்தடி, மைக்கூடு, பேழை, நாற்காலி எனச் செய்து விற்பது பிரிட்டனில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வணிகம். பொருளின் மேல் சிறு பித்தளைத் தகடு பதிந்திருக்கும்: கப்பலின் பெயர், தளபதியின் பெயர், ஓர் ஆண்டு. தகட்டை நீக்கினால் எஞ்சுவது வெறும் மரத்துண்டு. ஆக, விலைபோவது மரமன்று, வாசகமே. வாசகம் என்று வந்தபின் அதைத் திறனாய்வு செய்யும் உரிமை வாசகராகிய நமக்கும் உண்டு.

ஃபூட்ராயன்ட் என்னும் கப்பல் 1897 ஜூனில் பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிக்கி அழிந்தது. அதன் ஓக் மரமும் செம்பும் நினைவுப் பொருள்களாயின. 'நெல்சனின் கொடிக்கப்பல்' என்கிறது தகடு. உண்மைதான். ஆனால் 1799இல் நேப்பிள்ஸ் குடியரசின் பக்கம் நின்ற தளபதி கராச்சோலோவை விசாரித்ததும் அதே கப்பலில்தான். அன்று மாலையே, நெல்சனின் ஆணைப்படி, வேறொரு கப்பலின் பாய்மரக் கையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதைப் பொறித்தால் பேழை விலைபோகுமா?

கதை இத்துடன் முடியவில்லை. உரிமையாளர் வீட்லி காப், அழிந்த கப்பலுக்கு ஈடாக வேறொன்றை வாங்கி, அதற்கும் ஃபூட்ராயன்ட் என்றே பெயரிட்டார். அவ்வாறு பெயரிழந்த கப்பல் எது? நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலீ! ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டி, 1817இல் நீரிலிறக்கிய கப்பல் அது. 1992இல்தான் தன் பெயரை மீளப் பெற்றது. இன்று ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

அந்தத் தேக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி மலபார்க் காடுகளுக்குக் காப்பாளரை நியமித்தது. கடற்படைக்கு மரம் வேண்டித் தேக்கின் மீது தனியுரிமை கொண்டாடியது. தம் நிலத்து மரத்தைத் தாமே வெட்ட முடியாத மக்கள் குமுறினர். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பின்னர் அப்பதவியையே ஒழிக்க நேர்ந்தது.

எரித்துச் சாம்பலாக்குவதைவிட நாற்காலியாக்குவது மேலன்றோ என நண்பர்கள் கேட்கக்கூடும். மேல்தான், மறுக்கவில்லை. பர்க் தீவு விடுதியில், 1930இல் உடைக்கப்பட்ட கேஞ்சஸ் கப்பலின் தளபதி அறை இன்றும் விருந்தினருக்குப் பயன்படுகிறது. அதுவும் பம்பாய்த் தேக்கே. மரம் வாழ்வதில் நமக்கு மகிழ்ச்சியே. நினைவுப் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்போருக்கு மட்டும் ஒரு சொல்: நினைவை விற்கிறோம் என்பவர் பாதி நினைவை விற்கலாகாது. அளவில் குறைத்து விற்கும் அரிசிக் கடைக்காரரை நாம் மன்னிப்பதில்லையே.

தகட்டைப் பெயர்க்கச் சொல்லவில்லை. மரம் வளர்ந்த காடு, அறுத்த கை, தூக்கிலிடப்பட்டவர் பெயர் ஆகியவற்றுக்கும் அதனருகே ஓர் இடம் கேட்கிறோம். இரண்டாவது தகட்டுக்கு அம்மரத்தில் இடமில்லாமல் போகாது. இடமில்லாதது விலைப்பட்டியலில்தான்.