வாடகை வீடும் வளர்ப்பு நாயும்

தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமர் மறுத்த கதையை மாணாக்கருக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். என்றும் தருமர் பக்கம் நின்றே சொல்வது வழக்கம். இந்திரன் இடத்திலிருந்து அதனை நோக்கும் நிலை சென்ற மாதந்தான் நேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் என் மனைவிக்குச் சீதனமாக வந்த சிறு வீடொன்றை வாடகைக்கு விடுவதுண்டு. அதனைப் பார்க்க வந்தவர் இடமாற்றம் பெற்ற ஒரு தாதி. உடன் அவர் தாயாரும் பத்து வயது மகனும். வீடு பிடித்தது, வாடகையும் பொருந்தியது. புறப்படும் வேளையிலேதான், "சேர், எங்களிட்ட ஒரு நாய் இருக்கு" என்றார். சிறுவன் என் முகத்தையே பார்த்து நின்றான். இரண்டு நாளில் மறுமொழி சொல்வதாக அனுப்பிவைத்தேன்.

என் மனைவியாயின் அக்கணமே மறுத்திருப்பார். காரணமும் உண்டு. முன்பு குடியிருந்தோர் தம் நாயைப் பகல் முழுதும் விறாந்தைத் தூணிற் கட்டிவைத்தனர். இரவில் உள்ளே பூட்டினர். அவர்கள் சென்றபின் பார்த்தால், கதவின் அடிப்பாகம் நகக்கீறலாற் பாழாகியிருந்தது. சீமெந்துத் தரையில் ஊறிய மூத்திர நெடி எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அதனினுங் கொடியது உண்ணி. சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, நாய் போன பின்னும் பல வாரம் தொல்லை தந்தது. அயலார் கோழி இரண்டின் விலையையும் நாமே கொடுத்தோம்.

இவற்றுள் நாயின் குற்றம் எவ்வளவு, வளர்த்தவர் குற்றம் எவ்வளவு? நாள்தோறும் உலாத்தி வரப்படும் நாய் கதவைப் பிறாண்டுவது குறைவு, உண்ணிக்கோ மருந்துண்டு. வேறொன்றும் என் மனத்தை உறுத்தியது. வீட்டுக்காரர் அனைவரும் மறுத்துவிட்டால் அப்பிராணிகள் எங்கே போகும்? வீடு மாறுவோர் சிலர் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுச் செல்கின்றனர். நம் மதிலுக்குள் வேண்டாமென்ற நாய், தடுப்பூசி போடுவாரின்றி நம் பிள்ளைகள் பள்ளி செல்லும் தெருவில் நிற்கிறது. விசர்நாய்க்கடியின் குறிகள் தோன்றியபின் உயிர் தப்புவது மிக அரிது.

இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டமொன்று, குடியிருப்பவர் எழுத்து மூலம் கேட்டால் வீட்டுக்காரர் தகுந்த காரணமின்றி வளர்ப்புப் பிராணியை மறுத்தலாகாது என்கிறது. நம்மிடையே அது பேசித் தீர்க்கும் காரியமாகவே இருக்கிறது.

ஆகவே, நாயை நேரிற் பார்க்கச் சென்றேன். ஐந்து வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யப்பட்டது, தடுப்பூசி அட்டையில் அவ்வாண்டின் பதிவும் இருந்தது. குட்டியாயிருப்பின் தயங்கியிருப்பேன், குட்டிகள் கண்டதையெல்லாங் கடிக்கும்.

வீட்டுக் கிணறு பங்குக் கிணறாகையால், மறு பங்காளியான அயல்வீட்டு மூதாட்டியாரையுங் கேட்க வேண்டியிருந்தது. பைரவர் வாகனம் என்று நான் தொடங்கினேன். "வாகனம் வெளிவீதியில நிக்கட்டும் தம்பி, கிணத்தடிக்கு வரப்படாது" என்றார். அதனையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். நாய் ஒன்றே, பகல் முழுதுங் கட்டிவைத்தலாகாது, ஊசியும் உண்ணி மருந்துந் தவறலாகாது, கதவு பழுதானால் முற்பணத்திற் கழிக்கப்படும். வேலியின் பொத்தலை அடைப்பது என் பொறுப்பு.

மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. கதவைப் பார்த்துவர மாதந்தோறும் நானே போகவேண்டுமாம். முதன்முறை போனபோது, சிறுவன் ஓடிவந்து படலையைத் திறக்கும்வரை, நாய் என்னை உள்ளே விடவில்லை.