செத்துப்போனவர் பாடுகிறார்

ஒருத்தர் பாட்டைக் கேட்டபடி ஒரு தேசமே தினம் காலையில் கண் விழிக்கிறது. பாடினவர் பாக்கெட்டில் மட்டும் பைசா கிடையாது. நம்புவீர்களா? மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி தேசத்தில் நடந்த சமாசாரம் இது.

பெயர் பூபகார் த்ராவோரே. 1942-ல் காயெஸ் என்ற ஊரில் பிறந்தவர். செல்லப் பெயர் 'கார்கார்'. கால்பந்து மைதானத்தில் எதிராளிகளை வெட்டி வெட்டி ஓடுவாராம். அதைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர். கிடாருக்கு வாத்தியார் யாரும் இல்லை. அண்ணன் இல்லாத நேரத்தில் அவருடைய கிடாரை எடுத்து, தானே நோண்டிக் கற்றுக்கொண்டது. விஷயம் தெரிந்தபோது அண்ணன் திட்டவில்லை, அசந்துபோனார். தம்பி கிடாரில் கோரா வாசித்துக்கொண்டிருந்தார்! கோரா என்பது பாதி சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி, 21 தந்தி கட்டிய அந்த ஊர் வாத்தியம்.

1960-ல் மாலிக்குச் சுதந்திரம். கொஞ்ச நாளில் ரேடியோவில் இவருடைய 'மாலி ட்விஸ்ட்'. 'வெளிநாடு போன பிள்ளைகளே, திரும்பி வாங்க, நாட்டைக் கட்டலாம்' என்கிற ரகம். ஊரே ஆடியது. ஆனால் இசைத்தட்டு வரவில்லை, ராயல்டியும் இல்லை. நட்சத்திரப் பாடகர் வயிற்றுப்பாட்டுக்குத் துணி தைத்தார், கடை வைத்தார். 1968-ல் ராணுவப் புரட்சி வர, பழைய ஆட்சியின் வாசனை அடித்த பாட்டுகள் ரேடியோவிலிருந்து காணாமல் போயின. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே பல பேர் நினைத்தார்கள். 1987-ல் டி.வி.காரர்கள் காயெஸ் போனால், மனிதர் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்!

சந்தோஷம் நீடிக்கவில்லை. மனைவி பியரெட் பிரசவத்தில் இறந்துபோனார். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே? 'திரும்பி வாங்க' என்று பாடினவரே பாரீஸ் போய்க் கட்டட வேலை பார்த்தார். அதற்குள் அவர் பாடிய பழைய ரேடியோ டேப் ஒன்று பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ஒருவர் காதில் விழ, தேடிப்பிடித்துவிட்டார்கள். 1990-ல் 'மரியாமா', முதல் ஆல்பம். அப்போது வயசு 48.

கேட்டுப் பாருங்கள். ஒற்றை கிடார். கட்டைவிரல் கீழ் சுரத்தில் நடைபோட, மற்ற விரல்கள் அதன்மேல் மழைத்தூறல் மாதிரி. பிற்பாடு வந்த ஆல்பங்களில் சுரைக்குடுக்கைத் தாளம், கொஞ்சம் மவுத் ஆர்கன். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த பிறகு வருமே ஒரு நிதானம், அதுதான். இதை அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் மாதிரி இருக்கிறது என்பார்கள். அந்த அமெரிக்கர்களின் பாட்டன் முப்பாட்டன்களில் பல பேரை அடிமைகளாகக் கப்பலேற்றியதே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்துதான். யார் மாதிரி யார்?

'முப்பது வயசாச்சு, இனிமே என்ன சார்' என்று அடுத்த சீட்காரர் அலுத்துக்கொண்டால், 48 என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலைப் பாருங்கள்.