யூனிட் கேன்டீன் ஊழியர் யார் வீட்டுப் பிள்ளை?

எட்டாவது ஊதியக் குழு எதையெல்லாம் ஆராயலாம் என்பதை மத்திய அமைச்சரவை 2025 அக்டோபர் 28 அன்று முடிவு செய்தது. சுமார் 50 லட்சம் ஊழியர்களும் 69 லட்சம் ஓய்வூதியர்களும் இந்தக் குழுவை எதிர்பார்த்திருப்பதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. கிராமிய அஞ்சல் ஊழியர்கள் விடுபட்டதும், ஓய்வூதியம் பற்றிய வாசகங்கள் கிளப்பிய சலசலப்பும் ஊரறிந்தவை. ஆனால், விடுபட்டோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வாய்ப்பில்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. ராணுவ முகாம்களில் யூனிட் கேன்டீன்களை நடத்தும் குடிமைப் பணியாளர்கள்தான் அவர்கள். உச்ச நீதிமன்ற ஊழியர், தணிக்கைத் துறையினர், ஒழுங்காற்று அமைப்புகளின் உறுப்பினர் என ஒவ்வொரு வகையினரையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர்களுக்கு, ராணுவ வளாகத்துக்குள்ளேயே வேலை செய்யும் கணக்கரும் விற்பனையாளரும் கண்ணில் படவில்லை. அவர்கள் அரசு ஊழியர்களே அல்லர் என்ற பழைய பாட்டுதான் இதற்குக் காரணம். அந்தப் பாட்டை இம்முறையும் மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தது நியாயமற்றது மட்டுமல்ல, சோம்பேறித்தனமானதும்கூட.

கேன்டீன் என்றதும் மலிவு விலை மளிகையும் மதுவும்தான் பலருக்கு நினைவு வரும். அதன் அமைப்பைப் பார்த்தால் வேறு சங்கதி தெரியும். 1948இல் தொடங்கப்பட்ட சிஎஸ்டி என்னும் கேன்டீன் பண்டகத் துறை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. 1977 முதல் அதன் வரவு செலவு இந்தியத் தொகுப்பு நிதிக்குள் வந்துவிட்டது. நாடு முழுவதும் அதற்கு 34 கிடங்குகள் உண்டு. அந்தக் கிடங்குகளில் மூட்டையை எண்ணி அனுப்பும் எழுத்தர் மத்திய அரசு ஊழியர். ஊதியக் குழு அவருக்கு உண்டு. அதே மூட்டை லாரியில் ஏறி ஒரு படைப்பிரிவின் கேன்டீனில் இறங்கியதும், அதைப் பிரித்து அடுக்கி, ஸ்மார்ட் கார்டைத் தேய்த்து, பில் போட்டு, கணக்கை நேர்செய்பவர் யாருடைய ஊழியரும் அல்லர். பொருளின் விலையை அரசுத் துறை நிர்ணயிக்கிறது. ஜிஎஸ்டியில் பாதியை அரசு விட்டுக்கொடுக்கிறது. யார் வாங்கலாம், மாதம் எவ்வளவு வாங்கலாம் என்பதை ராணுவம் சொல்கிறது. வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் கமாண்டிங் ஆபீசர் கையில். இப்படி எல்லாமே அரசின் பிடியில் இருக்க, கல்லாவில் நிற்கும் மனிதர் மட்டும் தனியார் என்பதை எந்தத் தர்க்கத்தால் ஏற்பது?

இந்தக் கேள்வியைத்தான் 2001 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேட்டது. யூனிட் கேன்டீன்கள் சிஎஸ்டியின் சில்லறைக் கடைகளே, படையினருக்குப் பொருள் வழங்குவது அமைச்சகத்தின் வேலைகளில் ஒன்றே என்று கூறி, அங்குள்ளவர்கள் அரசு ஊழியர்கள்தான் எனத் தீர்ப்பளித்தது. சிஎஸ்டி ஊழியருக்கு இணையான எல்லாச் சலுகைகளும் உடனே வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பணி நிபந்தனைகளை ஆறு மாதத்துக்குள் வகுத்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னது. மனமிருந்தால் செய்து முடித்திருக்கக்கூடிய காரியம். நடந்தது என்ன? அந்தத் தீர்ப்பையே கவிழ்க்க அரசு வழக்காடியது. 2009 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைக் கவிழ்த்தும் கொடுத்தது. கேன்டீன்களுக்குச் சிஎஸ்டி தருவது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்தான், சம்பளம் பொது நிதியிலிருந்து வரவில்லை, எந்தச் சட்டமும் கேன்டீன் நடத்தும்படி யூனிட்டுக்குக் கட்டளையிடவில்லை என்பவை அங்கு எடுபட்ட வாதங்கள். எட்டாண்டுகள் அரசு ஊழியராக இருந்தவர்கள் ஒரே நாளில் யாருமற்றவர்கள் ஆனார்கள். அந்த வழக்கின் முதல் மனுதாரர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. அவருடைய வாரிசுகள்தான் வழக்கில் இருந்தார்கள்.

உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி அரசு என்ன செய்ய முடியும் என்பது முதல் சமாதானம். 2009 தீர்ப்பு, இருக்கும் விதிகளின்படி இவர்கள் அரசு ஊழியர் ஆக மாட்டார்கள் என்றது. விதிகளை மாற்றக் கூடாது என்று எங்கும் தடை விதிக்கவில்லை. ரயில்வே கேன்டீன் ஊழியர்களும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்கள். சட்டப்படி நடத்தப்படும் கேன்டீன்களோடு, நிர்வாகம் அங்கீகரித்த கேன்டீன்களில் இருப்பவர்களும் ரயில்வே ஊழியர்களே என்று 1990இல் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு அலுவலகங்களின் டிபன் அறைகளிலும் துறை கேன்டீன்களிலும் தேநீர் ஆற்றியவர்கள் 1991 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதனால் தலைமைச் செயலகங்கள் திவாலாகிவிடவில்லை. டெல்லியில் அதிகாரிக்கு வடை கொடுப்பவர் அரசு ஊழியர், வெலிங்டனில் ஜவானுக்குச் சோப்பு கொடுப்பவர் இல்லை என்றால், எந்தக் கொள்கையைக் காட்டி அதை நியாயப்படுத்துவார்கள்?

இரண்டாவது சமாதானம்தான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. இவர்களுக்குச் சம்பளம் தருவது ரெஜிமென்டல் ஃபண்ட் என்னும் படைப்பிரிவு நிதி, அது பொதுப்பணம் அல்ல என்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து ஊறுகிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். விற்பனை அளவைப் பொறுத்துச் சிஎஸ்டி தரும் தள்ளுபடித் தொகை யூனிட்டுகளுக்குப் போகிறது. அது தொகுப்பு நிதியிலிருந்து கிளம்பும் பணம். யூனிட்டின் வாசலைத் தாண்டியதும் அதன் பெயர் மாறிவிடுகிறது. 2010இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இதைத்தான் கேள்வி கேட்டது. யூனிட் கேன்டீன்களின் கணக்குகளைத் தணிக்கைக்குக் காட்ட மறுத்தபோது சொன்ன பதிலும் இதேதான்: அது பொதுப்பணம் அல்ல. ஆக, தணிக்கையாளர் வந்தால் கதவை மூடவும், ஊழியர் வந்தால் கையை விரிக்கவும் ஒரே வாசகம் பயன்படுகிறது. பணம் உண்மையிலேயே தனியார் பணம் என்றால், அதற்குச் சீருடை அணிந்த அதிகாரி ஏன் பொறுப்பாளர்? வரிச்சலுகை எந்தத் தனியார் கடைக்குக் கிடைக்கிறது? அரசுப் பணம் என்றால் சம்பளத்தை மட்டும் ஏன் தனியார் கணக்கில் எழுத வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு 15 ஆண்டுகளாக நேரான விடை வரவில்லை.

பொது நிதி சாராத பணத்தில் முறையான பணிவாழ்க்கை சாத்தியமில்லை என்பது வெறும் சாக்கு. அமெரிக்க ராணுவத்தின் நலன், பொழுதுபோக்குப் பிரிவு நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தில், அதாவது தன் வருவாயில்தான் பெருமளவு ஊழியர்களை வைத்திருக்கிறது. அங்கும் அவர்கள் முழு அரசு ஊழியர் அல்லர். ஆனால் கூட்டாட்சி அரசின் கருவியாக இயங்கும் ஓர் அமைப்பிடம் வேலை செய்பவர்கள் என்று சட்டமே அவர்களை அடையாளம் காண்கிறது. தனி ஓய்வூதியத் திட்டம் உண்டு. அந்தப் பிரிவிலிருந்து வழக்கமான அரசுப் பணிக்கோ அங்கிருந்து இங்கோ மாறினால் பணிப்பலன்கள் கூடவே வர 1990இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். பட்டதாரிகளை மேலாண்மைப் பயிற்சியாளர்களாக எடுத்து, உணவகம், விளையாட்டு, விடுதி எனப் பல பிரிவுகளில் பழக்கிப் படிப்படியாக மேலே கொண்டுபோகிறார்கள். அமெரிக்காவைப் பார்த்துக் கொள்முதல் செய்யும் நம் அமைச்சகத்துக்கு இது மட்டும் தெரியாமல் போனது வியப்புதான். இங்கே ஒவ்வொரு கேன்டீனும் தனித்தனி முதலாளி. ஆவடியில் பத்தாண்டு வேலை பார்த்தவரின் அனுபவம் செகந்தராபாதில் செல்லாது. விற்பனையாளர் கணக்கராகவும், கணக்கர் மேலாளராகவும் உயர இந்தியா முழுமைக்குமான ஏணி கிடையாது. மேலாளர் நாற்காலியில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் வந்து அமர்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அதனால் குறைந்த தொகுப்பூதியம் உறுத்துவதில்லை. ஆண்டுக்கணக்காக வேலையைத் தாங்கிய குடிமைப் பணியாளரின் தலைக்கு மேல் அந்த நாற்காலி நிரந்தரமாகத் தொங்குகிறது. முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். முன்னுரிமையும் பதவி உயர்வும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் விதி எழுதத் தெரியாதா என்பதுதான் கேள்வி.

தெரியாது என்பதற்கு முன்னுதாரணங்கள் நிறையவே உண்டு. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்று 2015இல் ஆணை போட்டவர்கள், நிலுவைத் தொகைக்காக முதியவர்களை மீண்டும் நீதிமன்றம் ஏற வைத்தார்கள். நீதிமன்றம் விதித்த காலக்கெடுவை ஒரு சுற்றறிக்கையால் தள்ளிப்போட்டு, 2023இல் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி என்ற 2020 தீர்ப்பை நிறைவேற்ற, அடுத்த ஆண்டே அவமதிப்பு எச்சரிக்கை தேவைப்பட்டது. படைக்கலத் தொழிற்சாலைகளின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2021 அக்டோபரில் 41 தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகக் கூறுபோட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பே வேலைநிறுத்தத்தைத் தடுக்க அவசரச் சட்டமும் வந்துவிட்டது. ஆவடி, திருச்சி, அருவங்காடு ஊழியர்களிடம் இரண்டாண்டு அயற்பணி என்றார்கள். இரண்டாண்டு முடிந்தது; நீட்டித்தார்கள்; மறுபடியும் நீட்டித்தார்கள். தாம் யாருடைய ஊழியர் என்று அந்த மக்களும் இப்போது கேட்கிறார்கள். போர்த் தளவாடத்தில் காட்டும் துல்லியத்தில் பத்தில் ஒரு பங்கை ஆளணியில் காட்டியிருந்தால் இந்தத் தலையங்கமே தேவைப்பட்டிருக்காது.

இவர்களுக்குக் கொடுத்தால் மெஸ் பணியாளர், கோல்ஃப் மைதானக் காவலர், ராணுவப் பள்ளி ஆசிரியர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்பது கடைசிப் பயமுறுத்தல். ராணுவப் பள்ளிகளை நடத்தும் ராணுவ நலக் கல்விச் சங்கம் அரசின் அங்கமல்ல என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தபோது சிலருக்கு இந்த வாதம் இன்னும் இனித்தது. பள்ளி வேறு, கேன்டீன் வேறு. சரக்கு, விலை, வரி, கார்டு எல்லாம் அரசுத் துறையிலிருந்தே வருவது கேன்டீனுக்கு மட்டும்தான். அப்படியே எல்லோரும் வரிசையில் நின்றாலும், நியாயம் கேட்பவர் தொகை அதிகம் என்பது நியாயத்தை மறுக்கக் காரணமாகாது. அஞ்சல் துறையின் கிராமிய ஊழியர்கள் ஊதியக் குழுவுக்கு வெளியே நின்றாலும், அவர்களுக்குத் தனிக் குழுக்களையாவது போட்டார்கள், ஊதியம் திருத்தப்பட்டது. கேன்டீன் ஊழியருக்கு அந்தக் கண்துடைப்புகூட இல்லை. ஊதியக் குழுவின் வரம்பை விரிப்பார்களோ, தனிக் குழு போடுவார்களோ, தனிச் சட்டமே கொண்டுவருவார்களோ, அது அமைச்சகத்தின் பாடு. தணிக்கைக்குத் தனியார், கட்டளைக்கு அரசு, சம்பளத்துக்கு அநாதை என்ற மூன்று முகங்களில் எது தன் உண்மை முகம் என்பதை மட்டும் அது நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொல்லட்டும்.