ஐம்பது ரூபாய் பேரம்

போன லீவுல ஊருக்குப் போனப்ப, தோட்ட வேலைக்கு ஒரு வெட்டுக்கத்தி வாங்கிட்டு வரச் சொன்னார் அப்பா. கொல்லுப் பட்டறை அண்ணன் 600 ரூபாய் சொன்னார். "550-க்குத் தாங்கண்ணே"ன்னேன். "உக்காந்து பாரு தம்பி, பார்த்துட்டு நீயே விலை சொல்லு" என்றார்.

உட்கார்ந்தேன். மூலப்பொருள் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. 0.6 சதவீதம் வரை கார்பன் இருக்கும் எஃகு. உலையில் காய்ச்சி அவர் பிடிக்க, அவர் மனைவி சம்மட்டி அடித்தார். வடிவம் வந்ததும் அரம் போட்டு, மறுபடி உலைக்குள்.

இங்கேதான் நண்பர்களே, நம்ம மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர் ஆரம்பிக்கிறது. தெர்மோமீட்டர் கிடையாது. நிறத்தைப் பார்த்தே எடுத்தார். வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கினார். உடனே கல்லில் ஒரு தேய்ப்பு. முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாய்க்கு இறங்க, பளபளத்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. சட்டென்று முழுக் கத்தியும் தண்ணீருக்குள். அதற்குப் பேர் தோய்ச்சல். மார்டென்சைட், டெம்பரிங் என்று நாம் 16 மார்க்குக்கு எழுதுவது இதைத்தான். கொஞ்சம் முந்தினால் வாய் தெறிக்கும், பிந்தினால் மழுங்கும்.

பிறகு பிடி. நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டை. பச்சைக் கட்டையைப் போட்டால் காய்ந்து சுருங்கிப் பிடி ஆடும். வாய்க்கு ஈரச்சாக்கு சுற்றி, காம்பை மட்டும் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கினார். இரும்பு தன் இடத்தைத் தானே எரித்துக்கொண்டது. மேலே ஒரு பூண்.

"எம் பையனும் மெக்கானிக்கல்தான் தம்பி. இந்தப் பக்கம் வரவே மாட்டான். வரவும் வேண்டாம்" என்றார். 600 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

டமாஸ்கஸ் வாளுக்கே நம்ம ஊர் உருக்குதான் போச்சுன்னு ஃபார்வர்ட் பண்றோம். கொடுமணல் உலைகளைப் பற்றி ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஆன்லைனில் 'ஹேண்ட்மேட்' என்று போட்ட கேம்பிங் கத்திக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அதே வேலையைக் கண்முன்னால் செய்பவரிடம் ஐம்பது ரூபாய் குறைக்கிறோம். பழம்பெருமைக்குக் காசு வேண்டாம், அதனால் அது நமக்கு ஈஸி.

எல்லோரும் கொல்லர் ஆகணும்னு சொல்லவில்லை. அவர் மகன் வராததும் தப்பில்லை. அந்த வருமானத்தில் யார் வருவார்? ஆனால் சிலது நம்மால் முடியும். ஒர்க்‌ஷாப் ஸ்மிதி கிளாஸுக்கு ஒரு நாள் இப்படி ஒருவரைக் கூப்பிடலாம், கெஸ்ட் லெக்சரருக்குத் தரும் அதே சம்பளத்தோடு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை யூடியூபில் தேடாமல், சம்மட்டி அடிக்கிற அந்த அக்காவின் தோள்வலிக்கு ஒரு சின்ன பவர் ஹாமர் செய்து கொடுக்கலாம்.

குறைந்தபட்சம், அடுத்த தடவை பேரம் பேசாதீங்க.