தறியும் படத்தில் வேண்டும்

சங்கத்தின் இணையதளத்திற்கு விளம்பர அழகியொருத்தி சேலையுடுத்தி நிற்கும் படமே போதுமென்று அங்கத்தினர் சிலர் கருதுகின்றனர். நாம் அதற்கு உடன்படோம். திரையில் விசைத்தறிச் சேலையும் அவ்வாறே மின்னும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளரும் துணையாளும் சேர்ந்து கரையை உடலோடு கோப்பதைக் கண்டவரன்றோ அதன் விலையை ஒப்புவர்?

ஆதலின், கோர்வை ஓடும் தறி எதுவென விசாரித்துப் படம் பிடிக்கும் நாளைக் குறித்தல் வேண்டும். பாவு அறுத்த வெறுந்தறிமுன் காமிராவுடன் நிற்பதில் பயனில்லை. காலை வெளிச்சத்திலேயே எடுக்கலாம்; மஞ்சள் விளக்கொளியில் பட்டின் நிறம் மாறித் தோன்றும், வாங்கியவர் சேலையைத் திருப்பியனுப்புவர். நெசவாளரைப் புத்தாடையில் வரச் சொல்வானேன்? அவரது இசைவைப் பெறுவதே முக்கியம். அன்று தறி நின்ற நேரத்திற்குரிய கூலியைச் சங்கமே கொடுக்க வேண்டும்.